பைரவரின் வாகனத்தைப் பின்வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு

ஓம் ஸ்ரீ கால பைரவாய நமஹ.

பதிவு கொஞ்சம் நீளம். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து மூணு நாளா எழுதினது. அங்கங்கே பேச்சு வழக்கு கலந்துதான் வரும், பொறுத்துக்குங்க. தேநீர் ஊத்திக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

விஷயம் நாயைப் பத்தி. முகம் சுளிக்கிறவங்க இருப்பீங்க, தெரியும். ஆனா நம்ம கோயிலில் பைரவர் சன்னதி இருக்கு, தேய்பிறை அஷ்டமிக்கு வடைமாலை சாத்த வரிசையில் நிக்கிறோம், மிளகுத் தீபம் ஏத்துறோம். அவர் பக்கத்தில் நிக்கிற ஜீவன் எது? அதனால நாயைப் பத்திப் பேச கோயில் பக்கத்தை விட்டா வேற இடம் இல்லைன்னு நாங்க நினைக்கிறோம்.

திருப்பணி வேலையில் பைரவர் வாகனத்துக்குப் புது வர்ணம் அடிக்கணும்னு வந்தப்ப, ஊரிலிருந்து வந்திருந்த சிற்பிகள் என்ன நிறம்னு கேட்டாங்க. நம்ம வாட்ஸ்அப் குழுவில் ஒரு மணி நேரத்தில் படங்கள் குவிஞ்சிடுச்சு. அல்சேஷன், ராட்வைலர், நீலக் கண் வச்ச ஹஸ்கி கூட ஒண்ணு. பனிமலை நாயைக் கிள்ளான் வெயிலில் பைரவருக்குப் பக்கத்தில் நிறுத்தப் பார்த்தாங்க நம்ம பிள்ளைங்க! குருக்கள் ஐயா சிரிச்சுட்டு, பழைய கறுப்பு நிறமே இருக்கட்டும்னு முடிச்சு வச்சார். சிற்பிகளில் மூத்தவர் மட்டும் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: "ஏங்க, எங்க பக்கம் ராஜபாளையத்து நாய்னு ஒண்ணு இருக்கே, அது உங்களுக்கெல்லாம் தெரியாதா?"

உண்மையைச் சொன்னா, பாதிப் பேருக்குத் தெரியலை. நம்ம தாத்தா பாட்டி கப்பலேறி வந்த சீமையின் நாய் அது. அல்சேஷன் தெரியுது, அது தெரியலை. அதிலிருந்துதான் நாங்க தேடிப் படிக்க ஆரம்பிச்சோம்.

படிச்சதில் திரும்பத் திரும்ப வந்த பேர் சு. தியடோர் பாஸ்கரன். 1940-ல் தாராபுரத்தில் பிறந்தவர். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் வரலாறு படிச்சு, 1964-ல் இந்திய அஞ்சல் துறைக்குப் போனார். தமிழ்நாட்டுக்கே அஞ்சல் துறைத் தலைவராக இருந்து 1998-ல் ஓய்வு பெற்றார். ஆபீஸ் வேலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பறவை, காடு, நடுகல், பழைய தமிழ் சினிமான்னு எதையும் விடலை. சினிமா பத்தி எழுதின புத்தகத்துக்கு இந்தியாவின் தேசிய விருது, எழுத்துப் பணிக்குக் கனடா தமிழ் இலக்கியத் தோட்டத்தின் இயல் விருது. காட்டையும் விலங்கையும் பத்தி நல்ல தமிழில் எழுத முடியும்னு காட்டினவங்களில் இவர் முக்கியமானவர். சுற்றுச்சூழல் விஷயமெல்லாம் இங்கிலீஷில்தான் சரியா வரும்னு நினைக்கிறவங்க இவர் கட்டுரைகளைப் படிச்சா வாயடைச்சுப் போவாங்க.

இவர் நாய்க் கண்காட்சி நடுவர் இல்லை, குட்டி விற்கிற தொழிலும் இல்லை. ஆனா 2017-ல் இந்திய நாட்டு நாய்களைப் பத்தி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் கொண்டு வந்தார். 25 இனங்களை வேலைக்கார நாய், வேட்டை நாய், வீட்டுத் துணை நாய்னு பிரிச்சு எழுதியிருக்கார். அதுக்கு முன்னால இந்த மாதிரி ஒரு புத்தகம் 1963-ல் சோமன் என்பவர் எழுதியது. நடுவில் 50 வருஷத்துக்கு மேல ஒண்ணும் இல்லை. அத்தனை வருஷம் ஒரு நாடு தன் நாயைத் தானே திரும்பிப் பார்க்கலை.

தமிழ்நாட்டு நாய்களில் நாலு பேர் முக்கியம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. ராஜபாளையம் விருதுநகர் மாவட்டத்து ஊர். நாய் பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, கண் மஞ்சள் கலந்த பொன்னிறம். உசரமான உடம்பு. பாளையக்காரர்கள் காலத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தது. வெள்ளைக்காரன் இதைப் 'பாலிகர்' நாய்ன்னு எழுதினது அதனாலதான். சிப்பிப்பாறை ஒல்லி, முயலைத் துரத்தினா காத்து மாதிரி போகும். கன்னி பெரும்பாலும் கறுப்பு உடம்பில் பழுப்புக் கால். கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமா கொடுத்ததால அந்தப் பேருன்னு சொல்லுவாங்க. கோம்பை, தேனிப் பக்கத்து ஊர்ப் பேர். செம்மண் நிறம், வாய் மட்டும் கறுப்பு, கட்டுமஸ்தானது. தோட்டத்தில் வளர்ந்தவங்க இந்தக் கோம்பை வர்ணனையைக் கேட்டா, லயத்துக்கு லயம் படுத்துக் கிடந்த செவலை நாய் ஞாபகத்துக்கு வரும். அதுக்கும் இதுக்கும் ரத்த சம்பந்தம் இருக்குன்னு நாங்க சொல்ல வரலை. பார்வைக்கு அப்படி.

இந்த நாய்கள் ஏன் அருகிப் போச்சு? எங்களுக்குப் புரிஞ்ச காரணம் ரொம்பச் சாதாரணம். வேலை போச்சு. ஜமீன் போச்சு, வேட்டை போச்சு. 1972-ல் இந்தியாவில் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை குற்றமாச்சு. அது நல்ல சட்டம், வந்திருக்கத்தான் வேணும். ஆனா வேட்டை நாய்க்கு வேலை இல்லை. இன்னொரு பக்கம் துரைமார்கள் கொண்டு வந்த சீமை நாய்தான் கௌரவம்னு ஆச்சு. ஃபேக்டரியில் 30 வருஷம் நின்னவங்க நாங்க. புது மெஷின் வந்ததும் பழைய லைனில் கை தேர்ந்தவர் எப்படி ஓரமா ஒதுங்கிப் போறார்னு பார்த்திருக்கோம். அவர்கிட்ட குறை ஒண்ணும் இல்லை. அவரைக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இப்ப நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாலு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டது. அதில் ராஜபாளையமும் ஒண்ணு. 2020 ஆகஸ்டில் இந்தியப் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொல்லிப் பேசினார். உடனே எல்லாருக்கும் நாட்டு நாய் மேல ஆசை வந்துச்சு. அதுவும் ஒரு ஆபத்துதான், பின்னால சொல்றோம்.

நாய்க்குக் கோயில் வாசலில் என்ன மரியாதைன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு தகவல். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. மாடு திருட வந்தவங்களோட சண்டை போட்டு ஒரு வீரன் செத்தான். அவன் வளர்த்த நாய் கள்ளனைக் கடிச்சு, எஜமான் பக்கத்தை விடாம நின்னுச்சு. ஊர்க்காரங்க கல் நட்டப்ப வீரனோட அந்த நாயையும் செதுக்கினாங்க. அதோட விடலை, நாயின் பேரையும் கல்லில் வெட்டினாங்க. பேர் கோவிவன். 1,300 வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த நாயின் பேர் இன்னும் நமக்குத் தெரியுது. நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுத்தாத்தா பேர் தெரியும்?

நாய்க்கு ஞமலி, ஞாளின்னு பழந்தமிழில் பேர் உண்டு. கண்ணப்ப நாயனார் வேட்டைக்குப் போனப்ப நாய்கள் கூடப் போனதைப் பெரியபுராணம் பாடுது. தருமர் கடைசிப் பயணத்தில் தம்பிமார் எல்லாம் விழுந்த பிறகும் கூடப் போனது நாய்தான், அதை விட்டுட்டு சொர்க்கத்துக்கு வர மாட்டேன்னு நின்னார். முனீஸ்வரர் கோயிலுக்குப் போனா அங்கேயும் காலடியில் நாய் இருக்கும். இதெல்லாம் உங்களுக்கும் தெரிஞ்சதுதான், நீட்டிச் சொல்லலை.

இனி நடுவர் விஷயத்துக்கு வர்றோம். எங்க குழுவில் ஒரு பெரியவர் இருக்கார், வயசு எழுபதைத் தாண்டிருச்சு. பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டார். வாலிப வயசில் ஒரு சீனத் தவுக்கே வீட்டில் நாய்களைப் பார்த்துக்கிற வேலை செஞ்சவர். தவுக்கேக்குக் கண்காட்சிப் பைத்தியம். நாயைக் குளிப்பாட்டி, சீவி, கோலாலம்பூருக்குக் கூட்டிட்டுப் போய், கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு நடுவர் முன்னால வட்டமா ஓடுறது இவர் வேலை. நம்ம நாட்டில் நாய்க் கண்காட்சி நேத்து வந்ததில்லை. மலேசிய கென்னல் சங்கம் 1925-ல் தொடங்கினது. நூறு வருஷம் ஆயிடுச்சு.

அவர் சொல்லித்தான் எங்களுக்கு ஒண்ணு விளங்குச்சு. நடுவர் ஒரு நாயை இன்னொரு நாயோட மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறது இல்லை. ஒவ்வொரு இனத்துக்கும் எழுதி வச்ச இலக்கணம் உண்டு. உசரம், பல் வரிசை, தோள் எலும்பின் சாய்வு, வால் எப்படி இருக்கணும், ஓடினா கால் எப்படி விழணும், எல்லாம். நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவி எலும்பைத் தொட்டுப் பார்ப்பார், முன்னாலும் பின்னாலும் ஓட விட்டுப் பார்ப்பார். அந்த இலக்கணத்துக்கு எது கிட்ட வருதோ அதுக்குத்தான் ரிப்பன். எங்க கம்பெனியில் க்யூசி பண்ற மாதிரியே இருக்கு. அங்கேயும் கண்ணாடிப் பெட்டியில் மாஸ்டர் சாம்பிள் ஒண்ணு வச்சிருப்போம். இந்தப் பீஸ் பக்கத்துப் பீஸை விட நல்லா இருக்குன்னு பாஸ் பண்ண முடியாது.

நாய்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு எஃப்சிஐ. 1911-ல் ஐரோப்பாவின் ஐந்து நாடுகள் சேர்ந்து ஆரம்பிச்சது. அதன் நடுவர் விதிகள் கடுமையானவை. நடுவர் தீர்ப்புக்கு முன்னாலயோ நடுவிலயோ பெயர்ப் பட்டியலைப் பார்க்கக் கூடாது. தன் கையில் தீர்ப்பு வாங்கப் போற ஆளோட ஒண்ணா பயணம் பண்ணக் கூடாது, அவர் வீட்டில் தங்கக் கூடாது. தான் நடுவரா இருக்கிற கண்காட்சியில் தன் நாயைச் சேர்க்கக் கூடாது. நம்ம கோலப் போட்டி, பக்திப் பாடல் போட்டிக்கெல்லாம் இந்த விதியைக் கொண்டு வந்தா எத்தனை சண்டை மிச்சமாகும்னு மாதர் பிரிவில் ஒருத்தங்க சொன்னாங்க. நாங்க ஒண்ணும் சொல்லலை, சிரிச்சுக்கிட்டோம்.

இந்த வேலைக்கு ஒரு ஆளை உதாரணம் காட்டணும்னா, உலகம் பூரா சொல்ற பேர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ். நம்ம ஆள் இல்லை, ஜெர்மன்காரர். ஆனா அவர் கையால உருவான நாயைத்தான் நாம அல்சேஷன்னு கூப்பிட்டு வீட்டிலும் கம்பெனி வாசலிலும் கட்டி வச்சிருக்கோம், அதனால தெரிஞ்சுக்கிறது தப்பில்லை. 1864-ல் பிறந்தார். குதிரைப் படையில் கேப்டன் வரைக்கும் போனார். நாடக நடிகையைக் கட்டிக்கிட்டார்னு அந்தக் காலத்து ராணுவம் அவரை வெளியே போகச் சொல்லிருச்சு. விவசாயம் பார்க்கப் போனார். ஆடு மேய்க்கிற நாய்கள் ஊருக்கு ஊர் வேற வேற மாதிரி இருந்தன. இதில் நல்ல குணத்தையெல்லாம் ஒரே நாயில் சேர்க்க முடியாதான்னு அவருக்கு யோசனை.

1899 ஏப்ரலில் கார்ல்ஸ்ரூ ஊரில் நடந்த கண்காட்சியில் ஓநாய் மாதிரி நிறம் கொண்ட ஒரு நாயைப் பார்த்தார். பார்த்ததும் வாங்கினார். அதுக்கு ஹோரண்ட்னு பேர் வச்சு, அதே மாசம் 22ஆம் தேதி சங்கம் தொடங்கி, சங்கப் பதிவேட்டில் முதல் நம்பரா அதைப் பதிஞ்சார். இன்னிக்கு உலகத்தில் எந்த மூலையில் ஒரு சுத்தமான ஜெர்மன் ஷெப்பர்ட் இருந்தாலும் வம்சாவளி பின்னால போய் அந்த நாயில் முட்டும்.

அவர் வளர்ப்பவராகவும் இருந்தார், நடுவராகவும் இருந்தார். அழகுக்காக வளர்க்கிறதில் அவருக்கு இஷ்டம் இல்லை. புத்தியும் உழைப்பும்தான் முதல், உருவம் அதுக்குப் பின்னாலன்னு பிடிவாதமா நின்னார். ஆட்டுக்கு வேலை குறைஞ்சதும் நாயைப் போலீசுக்குக் கொண்டு போனார். முதல் உலகப் போரில் பார்வை போன சிப்பாய்களுக்கு ஜெர்மனியில் வழிகாட்டி நாய்களைப் பழக்கினப்ப இந்த இனம்தான் முன்னால நின்னுச்சு. அதாவது, நாய்க்கு வேலை தேடிக் கொடுத்தார். நம்ம ராஜபாளையத்துக்கு நடக்காமப் போனது அதுதான்.

1920களில் நாய்கள் ரொம்ப உசரமா, கோணலா, பயந்த சுபாவமா போகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சது. ஆள் தான் வளர்த்த இனத்துக்கு எதிரா தானே தீர்ப்பு சொன்னார். 1925 கண்காட்சியில் உசரம் குறைஞ்ச, உடம்பு கொஞ்சம் நீண்ட, நெஞ்சுரம் உள்ள க்ளோடோன்னு ஒரு நாயை முதலா நிறுத்தினார். பெரிய பெரிய வளர்ப்பாளர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்! ஒரு ஈத்தில் இத்தனை குட்டிக்கு மேல தாயிடம் விடக் கூடாது, இனப்பெருக்கத்துக்கு விடும் முன் ஒவ்வொரு நாயையும் ஆள் வந்து பார்த்துச் சான்று தரணும்னு விதி போட்டார். ஹிட்லர் ஆட்சி வந்த பிறகு 1935-ல் பொறுப்பை விட்டு விலகினார். மறு வருஷம் இறந்தார். அன்னிக்கும் ஏப்ரல் 22.

அப்ப அல்சேஷன்ங்கிற பேர் எங்கிருந்து வந்துச்சு? முதல் உலகப் போர் முடிஞ்ச பிறகு இங்கிலாந்தில் 'ஜெர்மன்' என்ற சொல்லையே யாருக்கும் பிடிக்கலை. அல்சேஸ் என்ற பிரதேசத்தின் பேரைப் போட்டு மாத்திட்டாங்க. 1977-ல் அங்கே பழைய பேர் திரும்பி வந்துச்சு. நம்ம வாயில் மட்டும் இன்னும் அல்சேஷன்தான். ஆங்கிலேயன் விட்டுட்டான், நாம விடலை.

மலேசியாவுக்கும் சொந்தமா ஒரு நாய் உண்டுன்னு சொன்னா நம்புவீங்களா? தெலோமியன். பகாங்கில் தெலோம் ஆற்றோரம் ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்தது. மரக்கால் மேல வீடு, அதனால அந்த நாய் ஏணியில் ஏறும். 1963-ல் ஒரு அமெரிக்க ஆய்வாளர் அதைப் பார்த்து ஒரு ஜோடியை அமெரிக்காவுக்கு அனுப்பினார், அங்கே ஆராய்ச்சி நடந்துச்சு. பக்கத்து வீட்டில் ஹஸ்கி இருக்கு, நம்ம நாட்டு நாய் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியாது.

சரி, ஏன் இவ்வளவும் சொன்னோம்?

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, அர்த்தஜாம பூஜை முடிஞ்சு நடை சாத்தின பிறகு, யாரோ பின்வாசல் கிரில்லில் ராஃபியா கயிறு போட்டு ஒரு அல்சேஷனைக் கட்டிட்டுப் போயிட்டாங்க. கழுத்தில் நல்ல தோல் பட்டை. பக்கத்தில் பிளாஸ்டிக் தட்டில் கொஞ்சம் பிஸ்கட். தண்ணி வைக்க மட்டும் மறந்துட்டாங்க. காலையில் பூக்கட்ட வந்த அம்மாதான் முதலில் பார்த்தது. நாய் எழுந்து நின்னா பின்னங்கால் இரண்டும் ஆடி மடங்குது. குரைக்கவும் இல்லை. ரோட்டில் போற ஒவ்வொரு காரையும் தலையைத் தூக்கிப் பார்த்துச்சு. அன்னிக்கு முழுக்க அப்படியே பார்த்துச்சு.

டாக்டரிடம் கொண்டு போனோம். இடுப்பு மூட்டு சரியா பொருந்தலை, இந்த இனத்தில் பரம்பரையா வர்ற கோளாறு, வயசு ஆறு ஏழு இருக்கும்னார். எக்ஸ்ரே, ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்து 480 வெள்ளி. ஏழு பேர் பங்கு போட்டோம். பெரியவர்தான் அதுக்குக் கேப்டன்னு பேர் வச்சார்.

எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு அவர் சொன்னது இது. ஒழுங்கா வளர்க்கிறவன் ஆணையும் பெண்ணையும் சேர்க்கும் முன்னாலயே இடுப்பை எக்ஸ்ரே எடுத்துடுவான். கோளாறு இருந்தா, அது எத்தனை ரிப்பன் வாங்கின நாயா இருந்தாலும் ஈனவிட மாட்டான். ராஜபாளையத்திலும் இப்படி ஒரு விஷயம் இருக்கு. வெள்ளை நிறத்தோட சேர்ந்து காது கேளாமையும் சில குட்டிகளுக்கு வரும். நல்ல வளர்ப்பாளர் குட்டிக்குப் பின்னால நின்னு கை தட்டிப் பார்ப்பார், கேட்காத குட்டியை மறைச்சு விற்க மாட்டார். நாய் சினை 63 நாள். பிறந்த குட்டி எட்டு வாரமாவது தாயோட இருக்கணும். நாலு வாரத்துக் குட்டியைக் கூண்டில் போட்டு, போனில் படம் காட்டி, கார் பார்க்கில் வச்சுக் கை மாத்துறாங்க பாருங்க, அவங்க வளர்ப்பாளர் இல்லை, வியாபாரி. விலை குறைவுன்னு அங்கே வாங்கினா, அந்த மிச்சப் பணத்தைப் பின்னால டாக்டருக்குக் கட்டணும். கட்ட முடியாதவங்க கோயில் பின்வாசலுக்கு வர்றாங்க. நாட்டு நாய்க்கு இப்ப வந்திருக்கிற மோகமும் இப்படி முடியக் கூடாதுன்னுதான் எங்களுக்குக் கவலை.

கேப்டனோட சேர்த்து இப்ப கோயில் வளாகத்தில் ஆறு நாய். நிர்வாகக் கூட்டத்தில் இது பெரிய பேச்சாச்சு. கும்பாபிஷேகத்துக்கு முன்னால நகராண்மைக் கழகத்துக்குப் போன் போட்டுப் பிடிச்சுட்டுப் போகச் சொல்லணும்னு பல பேர் சொன்னாங்க. பிடிச்சுட்டுப் போன நாய்க்கு என்ன ஆகும்னு அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் விட்டுச் சொல்லலை. ஒரு அம்மா எழுந்து, என் பேத்தியைத் துரத்தி அவள் விழுந்து முட்டியில் அடிபட்டிருக்கு, பைரவர் வாகனம்னு சொல்லிக்கிட்டு இருங்க, பிள்ளையைக் கடிச்சா யார் பொறுப்புன்னு கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம். 2017-ல் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் வந்து உயிர்ச் சேதம் ஆச்சே, மறக்க முடியுமா. பக்கத்தில் மலாய்க்காரக் குடும்பங்கள் இருக்காங்க. நாய் அவங்க வாசலுக்குப் போனா சங்கடம், அவங்க இத்தனை வருஷம் நம்ம திருவிழா சத்தத்தையெல்லாம் பொறுத்துக்கிட்டவங்க. கருணைன்னு ஒரே வார்த்தையில் பேசி முடிக்க முடியாது.

பேச்சு வளர்ந்துட்டே போச்சு. கடைசியில் குருக்கள் ஐயா, நாயைப் பிடிச்சுக் கொடுத்துட்டு அஷ்டமிக்கு அதே கையால நான் எப்படி தீபாராதனை காட்டுறதுன்னு கேட்டார். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்தான் கேட்டுச்சு. தலைவர் மூணு மாசம் டைம் கொடுத்தார். அதுக்குள்ள தொண்டூழியர்கள் நாங்க ஒரு வழி பண்ணணும்.

பண்ணியிருக்கிறது இவ்வளவு. ஸ்டோர் ரூம் பின்னால வேலி அடிச்சாச்சு, கம்பி ஒரு பக்தர் உபயம். ஆறுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாச்சு. ஆண் இரண்டுக்கும் கேப்டனுக்கும் கருத்தடை முடிஞ்சது. சாப்பாடு சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே இடத்தில், வேற எங்கேயும் இல்லை. ஒரு மாசமா எந்தப் பிள்ளையையும் துரத்தலை. பேத்தி விழுந்த அந்த அம்மாவே போன வாரம் ஒரு மூட்டை அரிசி கொண்டு வந்து வச்சுட்டு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போனாங்க. சொல்லிட்டோம், மன்னிக்கணும்.

பக்தர்கள் கிட்ட ஒரு வேண்டுகோள். பிரசாதத்தை நாய்க்குப் போடாதீங்க. சர்க்கரைப் பொங்கலில் போடுற காய்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு உடைஞ்சு குடலைக் குத்தும். சாக்லேட் விஷம். புண்ணியம்னு நினைச்சுப் போடுறீங்க, நாய் ராத்திரி பூரா வாந்தி எடுக்குது. போட ஆசை இருந்தா உப்பு இல்லாத சோறும் அவிச்ச முட்டையும் கொண்டு வந்து எங்ககிட்ட கொடுங்க.

வளர்க்க முடியலைன்னு ஒரு நிலைமை வந்தா, வேலை போயிருக்கலாம், ஃப்ளாட்டுக்கு மாறியிருக்கலாம், பகலில் வந்து சொல்லுங்க. திட்ட மாட்டோம். சேர்ந்து ஒரு வீடு தேடலாம். அம்பாங்கில் எஸ்பிசிஏ சிலாங்கூர் 1958-லிருந்து இந்த வேலையைத்தான் செய்யுது, அவங்களையும் கேட்கலாம். ராத்திரியில் கட்டிட்டுப் போறது வேண்டாம். 2015 விலங்கு நலச் சட்டப்படி விலங்கைக் கொடுமைப்படுத்தினா 20,000 வெள்ளியிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதம், மூணு வருஷம் வரை ஜெயில். பின்வாசலில் இப்ப கேமராவும் மாட்டியாச்சு.

மிச்சம் இருக்கிறது மூணு பெண் நாய். வர்ற சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கருத்தடைக்குக் கொண்டு போகணும். வேன் வச்சிருக்கிறவங்க யாராவது வந்தா உதவியா இருக்கும், பெட்ரோல் காசு நாங்க தந்துடுறோம். பழைய துண்டு, பெட்ஷீட் இருந்தா கோயில் ஆபீசில் கொடுங்க. கேப்டனுக்குக் காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. காலை மாத்திரைக்கு ஆள் இருக்கு. புதன், வியாழன் ராத்திரிக்கு இன்னும் ஆள் இல்லை. மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வச்சுக் கொடுத்தா போதும், கடிக்காது.

சிவாய நம.